உறைக்குள் இருப்பவை

அறுவை அரங்கின் கதவுக்கு வெளியே
ஒரு ஸ்டூல், காக்கி உறைகள்,
ஒரு டப்பா ரப்பர் பேண்டு.
பதினோரு வருஷமாக இதுதான் என் இடம்.
உலோகமும் நூலும் உள்ளே போகக் கூடாது.
கழற்றி, எண்ணி, எழுதி
சொந்தக்காரர் கையில் கொடுக்க வேண்டும்.

கத்தரிக்கோலும் தந்திருக்கிறார்கள்.
யார் சாமியையும் நான் வெட்டுவதில்லை.
முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்ப்பேன்.
நேரமாகும். மயக்க டாக்டர் கத்துவார்.
கத்தட்டும்.

பேரணாம்பட்டு முனவ்வர் சாயபு,
தோல் ஷெட்டில் முப்பது வருஷம்,
சுண்ணாம்பு தின்ற விரல்கள்.
தாயத்தைத் தானே கழற்றித் தந்தார்.
"மேற்கு எந்தப் பக்கம்மா?"
ஜன்னல் இல்லாத அறை, எனக்கே குழம்பிற்று.
பஸ் ஸ்டாண்டை நினைத்து, கோட்டையை நினைத்து
ஆக்சிஜன் சிலிண்டர் பக்கம் கை காட்டி
ஸ்ட்ரெச்சரையும் சற்றுத் திருப்பிவிட்டேன்.
வீட்டில் வந்து படுத்த பிறகுதான் உறைத்தது,
அது தெற்கு.
பிழைத்துக்கொண்டார்.
இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

மேதினிப்பூர்ப் பெண் லொக்கி
சங்கு வளையலைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள்.
எனக்குத் தெரிந்த வங்காளம்
வலிக்குதா, மூச்சை இழு, பணம் கட்டியாச்சா.
லாட்ஜ் பையனைக் கூப்பிட்டுக் கேட்டோம்.
கழற்றினால் புருஷனுக்கு ஆகாதாம்.
வயிற்றைத் திறக்கப்போவது இவளுக்கு.
பயம் முழுக்க, வெளியே பெஞ்சில்
பன் தின்றுகொண்டிருந்த அந்த ஆளுக்கு.
வளையல்மேல் பஞ்சு சுற்றி, பிளாஸ்திரி ஒட்டி
உள்ளே அனுப்பினேன்.
ரிஜிஸ்டரில் எழுதவில்லை.

போளூர்ப் பக்கத்து நயினார் ஒருவர்.
"ராத்திரி ஒண்ணும் சாப்பிடலியே?"
"பொழுது சாய்ஞ்சப்புறம் எழுபது வருஷமா
சாப்பிட்டதே இல்லை."
சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.
"உடம்பைச் சட்டை மாதிரி விடணும்னு படிச்சவன்மா.
இந்தச் சட்டையை இன்னும் கொஞ்ச நாள்
போட்டுக்கணும் போல இருக்கு. தப்பா?"

காட்பாடி பாஸ்டர் ஞானாபரணம்,
கல்லறைத் தோட்டத்தில் எத்தனை பேருக்கு
பயப்படாதே என்று வாசித்திருப்பார்.
விரல் நடுங்கிய நடுக்கத்தில்
மோதிரத்தைப் பிடிக்கவே முடியவில்லை.
"சபையில யாருக்கும் சொல்லிடாதீங்க."
எதை என்று நான் கேட்கவில்லை.

ஓர் உறையை வாங்க யாரும் வரவில்லை.
சிவப்புக் கயிறு, ஏழு முடிச்சு,
வயது ஒன்பது.
ஆறு மாதம் டிராயரில் கிடந்தது.
குப்பையில் போட மனம் வராமல்
பாலாற்றில் விட்டுவிடலாம் என்று போனேன்.
விடுவதற்குத் தண்ணீர் இல்லை.
லாரிகள் தோண்டிய பள்ளத்தில்
மணலைக் கிளறிப் புதைத்துவிட்டு வந்தேன்.
உறையைக் கட்டியிருந்த ரப்பர் பேண்டு
எப்படியோ மணிக்கட்டில் ஏறியிருந்தது.

கயிறு கட்டினவன் செத்ததில்லையா
என்று கேட்டுக் கேட்டே என்னை வளர்த்தார் அப்பா.
குடியாத்தம். கறுப்புச் சட்டை.
அறிவுக்கொடி என்று பெயர் வைத்தவர்.
அவரை எரித்த அன்று யாரும் எதுவும் ஓதவில்லை.
அந்த அமைதியில் விறகு வெடிப்பது
எல்லோருக்கும் கேட்டது.

போன செவ்வாய் என் முறை. கர்ப்பப்பை.
அதே கதவு.
ஸ்டூலில் புதுப் பெண் ரோஸ்லின்.
"உங்ககிட்ட கழட்ட ஒண்ணுமே இருக்காதேக்கா"
என்றவள் மணிக்கட்டைப் பார்த்தாள்.

கையை இழுத்துக்கொண்டேன்.

கத்தரிக்கோலை அவள் எடுக்கவில்லை.
நான் சொல்லித் தந்த பழக்கம்.
உள்ளிருந்து டாக்டர் கத்தினார்.
மெல்ல உருட்டி உருட்டிக் கழற்றி
உறையில் போட்டு, மேலே எழுதினாள்:

அறிவுக்கொடி, 46, சேண்பாக்கம்.
ரப்பர் பேண்டு
ஒன்று.